ஒரு கழித்தல் கணக்கு: பிளாஸ்மா செல் நோய்களும் பொது மருத்துவரும்



பொது மருத்துவர்களுக்கான இந்த உரைக்குத் தலைப்பு கேட்டபோது ‘ரத்தப் புற்றுநோய்’ என்று பொதுவாகப் போட்டுக்கொள்ளலாமே என்றார்கள். வேண்டாம் என்றேன். கடுமையான லுக்கீமியா வந்த பிள்ளையை நாம் பெரும்பாலும் தவறவிடுவதில்லை. காய்ச்சலும் வெளுப்பும் ஈறில் ரத்தமுமாக வந்து நிற்கும். அன்றைக்கே ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பிவிடுவோம். பிளாஸ்மா செல் நோய்களிடம் அந்த நேர்மை கிடையாது. முதுகுவலி, சோர்வு, சர்க்கரை நோயாளியின் கால்வீக்கம், திரும்பத் திரும்ப வரும் நிமோனியா என்று நாம் தினமும் பார்க்கிற தொல்லைகளின் பெயரில்தான் அவை வருகின்றன. இங்கிலாந்தில் புற்றுநோயாளிகளிடம் 2010இல் எடுத்த ஒரு பெரிய கணக்கெடுப்பில், மல்டிபிள் மைலோமா நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப்பேர், பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப்படுவதற்குமுன் தங்கள் பொது மருத்துவரை மூன்று முறையோ அதற்கு மேலோ பார்த்திருந்தார்கள். மற்றப் புற்றுநோய்களோடு ஒப்பிட்டால் தாமதத்தில் அது முன்வரிசை. பரிந்துரை முறை ஒழுங்காக இருக்கும் நாட்டின் கதை இது. வலி வந்தால் நேராக எலும்பு டாக்டரிடமும், கால் வீங்கினால் கிட்னி டாக்டரிடமும் போய்விடுகிற நம் ஊரில் நிலைமை மேலாக இருக்கும் என்று நான் நம்பவில்லை.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். சந்தேகப்படுவதற்குத் தேவையான தகவல் பெரும்பாலும் நம் மேஜைக்கு ஏற்கெனவே வந்த லேப் காகிதத்தில் இருக்கிறது; ஒரு கழித்தல் போட வேண்டும். கண்டுபிடித்த பிறகு, யாரைத் தொடாமல் விட வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டும் பொது மருத்துவரின் வேலை.

முதலில் லண்டனுக்குப் போவோம். 1844 செப்டம்பர். தாமஸ் மெக்பீன் என்ற மளிகை வியாபாரி, நாற்பதைத் தாண்டியவர், ஓய்வுக்காக வெளியூர் போன இடத்தில் ஒரு குகையிலிருந்து எம்பி வெளியே வந்தார். மார்புக்குள் ஏதோ முறிந்ததுபோல் இருந்தது. சில நிமிடங்கள் கை அசைக்க முடியாத வலி. ரத்தம் எடுத்தார்கள், பட்டை கட்டினார்கள். வலி குறைந்தது, பிறகு திரும்பி வந்தது. ஓராண்டுக்குப் பின் ஆள் மெலிந்து, வெளுத்து, முதுகிலும் இடுப்பிலும் வலியோடு கிடந்தார். அவருடைய மருத்துவர் தாமஸ் வாட்சன். ஆலோசனைக்கு அழைக்கப்பட்டவர் வில்லியம் மக்கின்டயர். உடம்பில் வீக்கம் இருப்பதைக் கண்டு சிறுநீரைத் தாமே சோதித்தார் மக்கின்டயர். சூடாக்கினால் திரண்டது; கொதிநிலைக்குக் கொண்டுபோனால் கரைந்தது; ஆறவிட்டால் மறுபடி திரண்டது. அல்புமின் அப்படி நடந்துகொள்ளாது. 1845 நவம்பர் 1ஆம் தேதி, அந்தச் சிறுநீர் ஒரு சிறு குறிப்போடு ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்ற 31 வயது வேதியியல் மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தது. 1846 ஜனவரி முதல் நாள் மெக்பீன் இறந்தார். பிணப் பரிசோதனையில் விலா எலும்புகள் மென்மையாகி, கத்தி எளிதாக இறங்கும் நிலையில் இருந்தன.

புரதத்துக்குப் பெயர் பென்ஸ் ஜோன்ஸுக்குப் போனது. என்னைக் கேட்டால் மக்கின்டயருக்குத்தான் அதிகம் சேர வேண்டும். வலியும் வீக்கமும் வெளுப்பும் ஒரே ஆளிடம் இருக்கின்றனவே என்று படுக்கையருகில் நின்று யோசித்து, சிறுநீரை விளக்கில் காட்டியவர் அவர். அந்தப் புரதம் என்னவென்று தெரிய இன்னும் 117 ஆண்டுகள் ஆயின. 1962இல் ஜெரால்ட் எடல்மனும் ஜோசப் காலியும் அது ஆன்டிபாடி மூலக்கூறின் லேசான சங்கிலிதான் என்று காட்டினார்கள்.

உடலியலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்குத் தெரிந்ததுதான். எலும்பு மஜ்ஜையில் உட்கார்ந்து ஆன்டிபாடி தயாரிப்பவை பிளாஸ்மா செல்கள். ஒவ்வொரு பிளாஸ்மா செல் குடும்பமும் ஒரே ஒரு வகை ஆன்டிபாடியைத்தான் சுரக்கும். ஆரோக்கியமான உடம்பில் எண்ணற்ற குடும்பங்கள் சேர்ந்து சுரப்பதால், எலக்ட்ரோபோரெசிஸ் படத்தில் காமா பகுதி பரந்து தாழ்ந்த மேடாகத் தெரியும். ஒரு குடும்பம் மட்டும் பெருகிவிட்டால் அந்த மேட்டின் நடுவில் கோபுரம்போல் ஒரு கூர்முனை எழும்பும். அதுதான் எம் புரதம். குடும்பம் சிறியதாக, தொந்தரவு தராமல் இருந்தால் எம்ஜியுஎஸ். பெருகி மஜ்ஜையை அடைத்து எலும்பை அரித்தால் மைலோமா. செல்கள் கொஞ்சமாகவே இருந்தும் அவை சுரக்கும் லேசான சங்கிலி மடிந்து இதயத்திலும் சிறுநீரகத்திலும் படிந்தால் ஏஎல் அமிலாய்டோசிஸ். ஐஜிஎம் வகையில் ரத்தத்தைக் கெட்டியாக்குவதற்கு, 1944இல் அதை விவரித்த சுவீடன் மருத்துவர் வால்டன்ஸ்ட்ராமின் பெயர்.

இனி கழித்தலுக்கு வருவோம். ஈரல் பரிசோதனை எழுதாத நாள் நமக்கு உண்டா? ரிப்போர்ட் வந்ததும் கண் பிலிருபினுக்கும் எஸ்ஜிபிடிக்கும் போகிறது. இரண்டும் சரி என்றால் காகிதத்தை மடித்துவிடுகிறோம். கீழே நான்கு வரி இருக்கிறது: மொத்தப் புரதம், அல்புமின், குளோபுலின், இரண்டின் விகிதம். மொத்தப் புரதத்திலிருந்து அல்புமினைக் கழித்தால் குளோபுலின். சாதாரணமாக 2க்கும் 3.5க்கும் இடையில் இருக்கும். 4ஐத் தாண்டினால் நின்று யோசிக்க வேண்டும்.

ஒரு காட்சியை வைத்துக்கொள்வோம். ஐம்பத்தெட்டு வயது அம்மா, இட்லிக் கடை வைத்திருப்பவர். நான்கு மாதமாக நடு முதுகில் வலி. மாவுக் குண்டானைத் தூக்கியதில் பிடித்துக்கொண்டது என்கிறார். டைக்ளோபெனாக் ஊசி போட்டால் இரண்டு நாள் தேவலை, பிறகு பழையபடி. கையில் மூன்று கோப்புகள். ஒன்றில் ஹீமோகுளோபின் 8.6, இரும்புச்சத்து மாத்திரை இரண்டு மாதம் சாப்பிட்டும் ஏறவில்லை. இன்னொன்றில் இஎஸ்ஆர் 120. மூன்றாவதில் மொத்தப் புரதம் 9.4, அல்புமின் 3.1. கிரியாட்டினின் 1.7. மூன்று டாக்டர்கள் மூன்று காகிதத்தைப் பார்த்திருக்கிறார்கள். ஒருவர் பெல்ட் எழுதியிருக்கிறார், ஒருவர் இரும்பு எழுதியிருக்கிறார், ஒருவர் காசநோயாக இருக்கலாம் என்று எழுதிக் கேள்விக்குறி போட்டிருக்கிறார். 9.4இல் 3.1 போனால் 6.3. மூன்றையும் ஒன்றாக விரித்துவைத்துப் பார்க்கக்கூடிய ஒரே ஆள் தெருமுனை டாக்டர்தான்.

மேயோ கிளினிக் 2003இல் வெளியிட்ட 1027 மைலோமா நோயாளிகளின் தொகுப்பில், முதல்முறை வந்தபோதே ரத்தசோகை இருந்தது 73 சதவீதம் பேரிடம். எலும்பு வலி 58 சதவீதம். கால்சியம் 11க்கு மேல் ஏறியிருந்தவர்கள் 13 சதவீதம்தான். பாடப்புத்தகம் சொல்லும் நான்கு அடையாளங்களும் (கால்சியம் ஏற்றம், சிறுநீரகப் பழுது, ரத்தசோகை, எலும்புச் சேதம்) சேர்ந்து வரட்டும் என்று காத்திருந்தால் சிறுநீரகம் காத்திருக்காது. இன்னொன்று: நம் நாட்டு மருத்துவமனைத் தொகுப்புகளில் இந்நோயாளிகளின் வயது அமெரிக்கத் தொகுப்புகளைவிடச் சுமார் பத்தாண்டு குறைவு. ‘எழுபது வயசுக்காரர் நோய்’ என்று ஒதுக்கிவிட முடியாது.

குளோபுலின் ஏறினாலே மைலோமா என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். காசநோய், ஈரல் சுருக்கம், எச்ஐவி, லூபஸ், நாள்பட்ட எந்தத் தொற்றும் அதை ஏற்றும். அங்கே மேடு மொத்தமாக உயரும், கூர்முனை இருக்காது. ஆகவே அடுத்த படி சீரம் எலக்ட்ரோபோரெசிஸ். கூர்முனை தெரிந்தால் இம்யூனோபிக்சேஷன்.

இந்தக் கழித்தல் கைவிடும் இடமும் உண்டு. அதைச் சொல்லாவிட்டால் நான் உங்களை ஏமாற்றியவன் ஆவேன். மைலோமாவில் ஆறில் ஒருவர்போல லேசான சங்கிலியை மட்டுமே சுரப்பவர்கள். அது ரத்தத்தில் தங்காமல் சிறுநீரில் இறங்கிவிடும். அவர்களுக்குக் குளோபுலின் ஏறாது, பல சமயம் குறைந்தே இருக்கும்; இஎஸ்ஆர்கூடச் சாதாரணமாக இருக்கும். எலக்ட்ரோபோரெசிஸ் படமும் ஒன்றும் சொல்லாது. சிறுநீர்ப் பட்டையைத் தோய்த்துப் பார்த்தால் அதுவும் ‘இல்லை’ என்றுதான் காட்டும், ஏனென்றால் பட்டை கண்டுபிடிப்பது அல்புமினை மட்டும். கிரியாட்டினின் காரணமில்லாமல் ஏறுகிறது, பட்டையில் புரதம் இல்லை, ஆனால் லேபில் மொத்தச் சிறுநீர்ப் புரதம் அளந்தால் ஏராளமாக இருக்கிறது என்றால், அந்த முரண்பாடே பெரிய துப்பு. அப்போது ரத்தத்தில் ப்ரீ லைட் செயின் பரிசோதனை எழுத வேண்டும். கப்பா, லாம்டா விகிதம் சாதாரணமாக 0.26 முதல் 1.65 வரை, சிறுநீரகம் பழுதானவர்களுக்கு 3.1 வரை விட்டுக்கொடுக்கலாம். கொஞ்சம் செலவு பிடிக்கும் சோதனைதான். டயாலிசிஸோடு ஒப்பிட்டால் அதைச் செலவென்றே சொல்ல முடியாது.

முதுகெலும்பு உடைந்து எக்ஸ்ரேயில் தெரியும்போது நம் ஊரில் முதலில் வரும் எண்ணம் காசநோய். நியாயமான எண்ணம்தான். ஆனால் திசு எடுத்துப் பார்க்காமலே ஒன்பது மாதம், பன்னிரண்டு மாதம் என்று காசநோய் மருந்து ஓடுவது எனக்கு உடன்பாடில்லை. காசநோய் வழக்கமாக இரு எலும்புகளுக்கு நடுவிலுள்ள டிஸ்க்கைத் தின்னும். மைலோமா டிஸ்க்கை விட்டுவிட்டு எலும்பைத் தின்னும். இது முழு நிச்சயமான விதி அல்ல. ஆனால் கழித்தலையும் இதையும் சேர்த்துப் பார்த்தால் திசைகாட்டும். மருந்து ஆரம்பித்த பிறகு வலி கொஞ்சம் குறைந்தால் ‘வேலை செய்கிறது’ என்று எண்ணிவிடக் கூடாது. படுத்தே கிடந்தால் எந்த முறிவும் கொஞ்சம் அடங்கும். எலும்பு ஸ்கேன் எழுதுவதும் வீண். அந்த ஸ்கேன் புது எலும்பு உருவாகும் இடத்தைக் காட்டும். மைலோமாவில் அரிப்பு மட்டுமே நடக்கும், கட்டுமானம் நடக்காது. படம் சுத்தமாக வந்து நம்மை ஏமாற்றும். எம்ஆர்ஐ அல்லது சிடி பாருங்கள்.

டைக்ளோபெனாக் பற்றி உரக்கவே சொல்ல ஆசை. லேசான சங்கிலிகள் சிறுநீரக நுண்குழாய்களில் அடைத்துக்கொண்டிருக்கும்போது, வலி ஊசியும் நீர்வற்றலும் சேர்ந்தால் சில நாட்களில் கிரியாட்டினின் இரட்டிப்பாகலாம். ஐம்பதைத் தாண்டியவர், ஆறு வாரத்துக்கு மேல் குறையாத முதுகுவலி, வெளுப்பு. இவருக்கு இன்னொரு ஊசி போடுவதற்குமுன் கிரியாட்டினினையும் புரதக் கணக்கையும் பார்க்க வேண்டும். பாரசிட்டமால், தேவைப்பட்டால் டிரமடால், நிறையத் தண்ணீர்.

அமிலாய்டோசிஸ் பக்கம் வருகிறேன். நம் ஊரில் அது ஒளிந்துகொள்ள வசதியான இடம் சர்க்கரை நோய். சிறுநீரில் புரதம், காலில் மரத்துப்போதல், எழுந்தால் தலைசுற்றல், வயிறு மந்தம் எல்லாம் சர்க்கரையின் கணக்கில் எழுதப்படுகின்றன. பெரும்பாலும் சரியாகத்தான் எழுதப்படுகின்றன. சரியில்லாமல் போகும் இடங்கள் சில. கண்ணின் விழித்திரை சுத்தமாக இருக்கிறது, ஆனால் சிறுநீரில் புரதம் கிராம் கணக்கில் கொட்டுகிறது. சர்க்கரை வந்து மூன்றே வருடம், அதற்குள் கால் முழுக்க மரத்துவிட்டது. இப்படியென்றால் கணக்கை மறுபடி பாருங்கள். இருபது வருடம் ரத்த அழுத்த மாத்திரை சாப்பிட்டவர், ‘இப்போ பிரஷரே இல்லைங்க டாக்டர், மாத்திரைய நிறுத்திட்டேன்’ என்று சந்தோஷமாகச் சொன்னால் நாம் சந்தோஷப்படக் கூடாது. நாக்கை நீட்டச் சொல்லுங்கள். ஓரத்தில் பல் தடம் பதிந்திருக்கிறதா பாருங்கள். இருமினாலோ கண்ணைத் தேய்த்தாலோ இமையைச் சுற்றி ரத்தம் கட்டுகிறதா, இரண்டு கை மணிக்கட்டிலும் நரம்பு அழுந்தி அறுவைச் சிகிச்சை நடந்திருக்கிறதா என்று கேளுங்கள். எக்கோவில் இதயச் சுவர் தடித்திருக்கிறது, ஈசிஜியிலோ அலைகள் சிறுத்திருக்கின்றன. அழுத்தத்தால் தடித்த இதயம் அப்படி வரையாது. வயிற்றுக் கொழுப்பிலிருந்து ஊசியில் எடுத்த துளியைக் காங்கோ சிவப்பில் தோய்த்துப் பார்ப்பது பல நேரங்களில் போதும். இதயம் கெட்டபின் கண்டுபிடித்தால் மருந்துக்கு அதிகம் செய்ய முடிவதில்லை. இந்த நோயில் காலத்தின் மதிப்பு அவ்வளவு.

இப்போது எதிர்ப்பக்கம். மாஸ்டர் ஹெல்த் செக்கப் பெருகிவிட்ட காலத்தில், கூர்முனை தெரிகிற காகிதத்தோடு ஆரோக்கியமான ஆட்கள் நம்மிடம் வருகிறார்கள். மேயோவின் ராபர்ட் கைல் 1978இல் எம்ஜியுஎஸ் என்ற பெயரை வைத்தார். எம் புரதம் 3 கிராமுக்குக் கீழ், மஜ்ஜையில் பிளாஸ்மா செல் 10 சதவீதத்துக்குக் கீழ், உறுப்புச் சேதம் எதுவும் இல்லை என்றால் அது. அவரே பின்னாளில் அமெரிக்காவின் ஓம்ஸ்டெட் மாவட்டத்தில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களைச் சோதித்தபோது, நூற்றுக்கு மூன்று பேருக்குச் சற்று மேலாக இது இருந்தது; எழுபதைத் தாண்டியவர்களில் ஐந்துக்கும் மேல். அவர்களில் ஆண்டுக்கு நூற்றில் ஒருவர்தான் மைலோமாவுக்கோ அதைப் போன்ற நோய்க்கோ போகிறார். மற்றவர்கள் வேறு காரணத்தால் முதுமையில் இறக்கிறார்கள்.

‘இது கேன்சரா சார்?’ என்று கேட்பார்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியராக இருந்தால் கூகுளைப் படித்துவிட்டுத்தான் வந்திருப்பார். ‘இல்லைங்கய்யா. கேன்சர் ஆகக்கூடிய ஒரு வாய்ப்பு, வருஷத்துக்கு நூத்துல ஒண்ணு. இப்ப மருந்து வேண்டாம். ஆறு மாசம் கழிச்சு ஒரு தடவை பார்ப்போம். அதே அளவுல நின்னா அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை போதும்’ என்று சொன்னால் அவருக்குப் புரியும். ‘பத்தியம் ஏதாவது?’ என்பார். ஒன்றும் இல்லை. பருப்பை நிறுத்தினால் இந்தப் புரதம் குறையாது. ஆனால் இரண்டு சொல்லியனுப்ப வேண்டும்: முதுகுவலி புதிதாக வந்து குறையாவிட்டால் வர வேண்டும், வலி மாத்திரையைத் தானாக வாங்கிச் சாப்பிடக் கூடாது.

எல்லா எம்ஜியுஎஸ்ஸும் ஒன்றல்ல. எம் புரதம் 1.5 கிராமுக்கு மேல், ஐஜிஜி அல்லாத வகை, லேசான சங்கிலி விகிதம் கோணல் என்ற மூன்றும் சேர்ந்தால் இருபது ஆண்டில் நோய் முற்றும் வாய்ப்பு 58 சதவீதம். மூன்றும் இல்லையென்றால் 5 சதவீதம். முன்னவரை ரத்தநோய் நிபுணரிடம் அனுப்புங்கள். பின்னவருக்கு மஜ்ஜையைத் துளைத்துப் பார்க்கும் சோதனைகூட வழக்கமாகத் தேவையில்லை. அவரை நாமே பார்த்துக்கொள்ளலாம். வால்டன்ஸ்ட்ராம் அந்தக் காலத்திலேயே இப்படிப்பட்டவர்களை வைத்தியம் செய்யாமல் விடும்படி வலியுறுத்தினார். ஐம்பதைத் தாண்டிய எல்லோருக்கும் எலக்ட்ரோபோரெசிஸ் எழுதலாமா என்று சிலர் கேட்கிறீர்கள். ஐஸ்லாந்தில் எண்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்களைச் சேர்த்துச் சோதித்துவரும் ஆய்வு அந்தக் கேள்விக்காகவே நடக்கிறது. பதில் வரும்வரை என் பதில் ‘வேண்டாம்’. அறிகுறி உள்ளவரைத் தேடுவது வேறு, ஆரோக்கியமானவருக்கு ஆயுள் முழுக்கக் கவலையைக் கொடுப்பது வேறு.

அவசரங்கள் மூன்று. முதுகுவலிக்காரருக்குக் கால் தளர்ந்தாலோ சிறுநீர் அடைத்தாலோ, தண்டுவடம் நசுங்குகிறது. டெக்ஸாமெத்தசோன் கொடுத்து அன்றைக்கே எம்ஆர்ஐ உள்ள இடத்துக்கு அனுப்ப வேண்டும், நாளைக் காலை அல்ல. தாகம், மலச்சிக்கல், உளறல் சேர்ந்தால் கால்சியம். சலைன் ஏற்றியபடியே அனுப்புங்கள். மூக்கில் ரத்தம், பார்வை மங்கல், தலைவலி என்றால் ரத்தம் கெட்டியாகிவிட்டது. அவருக்கு ரத்தம் ஏற்றுவதில் அவசரப்படாதீர்கள், கெட்டித்தன்மை இன்னும் கூடும்.

சிகிச்சை தொடங்கியபின் நோயாளி நம்மை விட்டுப் போய்விடுவதில்லை. வேலூரிலோ சென்னையிலோ பார்த்துவிட்டு ஊர் திரும்பினால், காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் நம்மிடம்தான் வருவார். மருந்துகள் மாறிவிட்டன. கருவிலிருக்கும் குழந்தைக்கு ஊனத்தை உண்டாக்கியதால் 1961இல் சந்தையிலிருந்து விலக்கப்பட்ட தாலிடமைடு, 1999இல் மைலோமாவில் பயன் தருவது தெரிந்து திரும்பி வந்தது. அதன் உறவான லெனலிடமைடும், 2003இல் வந்த போர்டெசோமிப்பும் இன்று இந்தியத் தயாரிப்புகளாகவே கிடைப்பதால், நம் நோயாளிகளில் பலரால் கட்டுபடியாகும் செலவில் சிகிச்சை பெற முடிகிறது. பூரணமாகக் குணமாகும் என்று சொல்ல முடியாது. பல ஆண்டுகள் வேலைசெய்து நடமாடுகிறார்கள்.

அவர்களிடம் நாம் கவனிக்க வேண்டியவை மருந்துச் சீட்டிலேயே இருக்கின்றன. டெக்ஸாமெத்தசோன் 40 மில்லிகிராம் என்றால் 4 மில்லிகிராம் மாத்திரை பத்து, வாரத்தில் ஒரே நாள். தினமும் என்று படித்துவிடும் நோயாளி உண்டு, மருந்துக்கடையும் உண்டு. சர்க்கரை உள்ளவருக்கு அந்த நாளும் மறுநாளும் 350, 400 என்று ஏறும். அந்த அளவைப் பார்த்துத் தினசரி இன்சுலினை ஏற்றிவிட்டால் ஐந்தாம் நாள் தாழ்சர்க்கரையில் விழுவார். அந்த இரண்டு நாளுக்கு மட்டும் தனியாக எழுதுங்கள். லெனலிடமைடு மூன்று வாரம் சாப்பிட்டு ஒரு வாரம் நிறுத்துவது. இடையில் ஒரு கால் மட்டும் வீங்கினால் ரத்தக்கட்டி என்றே எண்ணுங்கள், அதற்காகத்தான் ஆஸ்பிரின் சேர்த்திருப்பார்கள். வயிற்றெரிச்சல் என்று நாம் அதை நிறுத்திவிடக் கூடாது. போர்டெசோமிப் போடுபவருக்கு அக்கி வரலாம். அசைக்ளோவிர் 400 தினம் இரு வேளை தொடர வேண்டும். பாதத்தில் எரிச்சலும் மரப்பும் தொடங்கினால், சர்க்கரை என்று பி12 எழுதி அனுப்பாமல் ஊசி போடுகிறவர்களுக்குப் போன் செய்யுங்கள். அளவைக் குறைத்தால் நிற்கும், விட்டால் நடை போய்விடும். நிமோகாக்கஸ், புளூ தடுப்பூசிகள் போடலாம், உயிருள்ள கிருமி கொண்டவை கூடாது. காய்ச்சல் 101ஐத் தொட்டால் ‘வைரல்’ என்று மூன்று நாள் பார்க்காமல் அன்றே ஆன்டிபயாடிக் தொடங்கி அனுப்புங்கள்.

கடைசியாகப் பல். எலும்பைக் காக்க மாதமொருமுறை சோலெட்ரானிக் அமிலம் ஏற்றுகிறார்கள். அது ஏறிக்கொண்டிருக்கும்போது பல்லைப் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் அழுகிப்போகலாம். ஆகவே முதல் ஊசிக்கு முன்பே கெட்ட பற்களை எடுத்துவிட வேண்டும். பின்னால் பல்வலி வந்தால் நேராகப் பல் டாக்டரிடம் போகாமல் உங்களிடம் வரச் சொல்லி, மருந்தின் பெயரையும் கடைசியாக ஏற்றிய தேதியையும் ஒரு சீட்டில் எழுதி, அதோடு அனுப்புங்கள். இனிக் கேள்விகளைக் கேட்கலாம்.